படகு நின்ற இடம்

கடலில் விழுந்து தொலைந்துவிட்டது என்று போன ஞாயிற்றுக்கிழமை பிரபாகர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தானே, அந்த ட்ரோன் தொலையவே இல்லை. சமர்த்தாகக் கரைக்குத் திரும்பி, மணலில் இறங்கி, ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் கையில் ஏறி, ஒரு வாரமாக ஸ்டேஷன் அலமாரியில் சொகுசாகப் படுத்திருந்தது.

இந்தச் சேதி பிரபாகரிடம் வந்து சேர்ந்தது சனிக்கிழமை காலையில். பட்டறை வாசலில் ஒரு படகு என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது.

"பிரபா அவுட்போர்டு சர்வீஸா?"

"ஆமா சார். இன்னா என்ஜினு?"

"என்ஜின் இல்லப்பா. உன் பொருள் ஒண்ணு ஸ்டேஷன்ல இருக்கு. நாலு காத்தாடி வெச்சது. பதினோரு மணிக்கு வந்து எஸ்.ஐ. மேடத்தைப் பாரு."

பொருள் கிடைத்துவிட்டது என்று ஒரு நிமிஷம் மனசு துள்ளியது. 'ஸ்டேஷன்' என்ற சொல் அதற்கப்புறம்தான் உள்ளே இறங்கியது. இறங்கியதும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

இந்த வாரம்தான் கதைக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி. பிரபாகர் நொச்சிக்குப்பத்தில் படகு என்ஜின் பழுது பார்க்கிறவன். தண்ணீருக்குள் சுற்றுகிற காத்தாடியோடு பதினைந்து வருஷம் மாரடித்தவனுக்கு, காற்றில் சுற்றுகிற காத்தாடி மேல் ஆசை வந்தது. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் ட்ரோன் வாங்கிவிட்டான். கடைக்காரர் பேட்டரி போடுவதற்கும் பொத்தான் அழுத்துவதற்கும் சொல்லிக்கொடுத்தார். மற்றதை அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணலில் நின்ற அப்பா முனியனின் படகு மேல் அதை வைத்துப் பறக்கவிட்டான். அதோடு விட்டானா? அது வானத்தில் இருக்கும்போதே படகைத் தண்ணீருக்குள் தள்ளி, கடலுக்குள் போய் அங்கிருந்து ஓட்டினால் இன்னும் ஜோராக இருக்கும் என்று கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய் போன் திரை கறுத்தது. வளர்த்த நாய் மாதிரி அது படகைத் தேடி வரும் என்று, இருட்டுகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே மிதந்தான். வரவில்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். பிரபாகருக்கு அஸ்வினி என்று ஒரு தங்கை. நாலு வருஷம் முன்னால் திருவல்லிக்கேணி அமீனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றைக்கு முனியன், "எனுக்கு ஒரே புள்ளதான். பொண்ணு கெடையாது" என்று நடு வீட்டில் நின்று சொன்னார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அஸ்வினி என்ற பெயரை யாரும் எடுத்ததில்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்த பிரபாகரும் அப்பாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டான்.

சரி, ஸ்டேஷன் சேதிக்கு வருவோம்.

பிரபாகர் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னதும் பொன்மணி பாதி வியாபாரத்தில் கத்தியைக் கீழே வைத்தாள். பிரபாகரின் மனைவி, மீன் அங்காடியில் கடை. பக்கத்துக் கடை ரத்னாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ட்ரோனுன்னா சும்மாவா பொன்மணி? இந்தாண்ட பெரிய பெரிய ஆபீஸு, அந்தாண்ட நேவிக்காரன். கேஸு போட்டாங்கன்னா படகையும் சேத்து எழுதிக்குவாங்க. படகு மேல வெச்சித்தான வுட்டான் உம் புருசன்?"

படகு. பொன்மணிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அந்தப் படகில்தான் முனியன் கடலுக்குப் போகிறார். அந்த மீன்தான் இவள் கடைக்கு வருகிறது. அந்த வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிவது அந்தப் படகால். மாமனாருக்கோ மகன் ட்ரோன் வாங்கியது தெரியுமே தவிர, அது தன் படகிலிருந்து கிளம்பியதோ, தொலைந்ததோ தெரியாது.

அவள் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று போன் செய்தாள். திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள்.

"ஸ்டேஷனாண்ட டீக்கடையில அமீன் நிப்பாரு. அவரோட உள்ள போ."

"எந்த அமீனு?"

"எத்தினி அமீனு கீறாங்க உனுக்கு?"

பிரபாகருக்கு மூக்கு விடைத்தது. "அவனாண்ட போயி நிக்கச் சொல்றியா என்னிய? நைனாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"படகு போச்சின்னா அப்ப மட்டும் உங்க நைனாவுக்குத் தெரியாதா?" என்றாள் பொன்மணி. "அந்த ஆளு ட்ரோனு ஓட்டறதுக்கே படிச்சி, லைசென்ஸ் வாங்கி, அதுலயே வேல பாக்கறாரு. இந்த மெட்ராஸ்ல உனுக்கு வேற யாரத் தெரியும்? சட்டைய மாத்திக்கினு கெளம்புயா."

அமீனின் நம்பர் இவளிடம் எப்படி வந்தது என்று கேட்கவேண்டும் என்று பிரபாகருக்குத் தோன்றியது பஸ் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகுதான்.

டீக்கடையில் அமீன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். கல்யாணத்தின்போது ஒல்லியாக இருந்தவன் இப்போது கொஞ்சம் பூசியிருந்தான். ட்ரோனை வைத்து நிலம் அளக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. கம்பெனிச் சட்டையிலேயே வந்திருந்தான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே இரண்டு பேருமே ரோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ரோட்டில் அப்போது பார்க்கும்படி ஒன்றும் போகவில்லை.

"எவ்ளோ வெயிட்டு அது?" என்று அமீன்தான் ஆரம்பித்தான்.

"டப்பாவுல எரநூத்தி நாப்பத்தொம்போது கிராமுன்னு போட்டிருந்திச்சி."

"நல்லவேள. எரநூத்தம்பதுக்குள்ளதான? பொழுதுபோக்குக்கு ஓட்டறதுக்கு லைசென்ஸ் வேணாம்."

பிரபாகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப தப்பே இல்லியே! இன்னாத்துக்கு கூப்புட்றாங்க?"

"சைக்கிளுக்குக்கூடத்தான் லைசென்ஸ் வேணாம். அதுக்காக மவுண்ட் ரோட்ல எதுத்தாப்புல ஓட்டிக்கினு வருவீங்களா?"

அமீன் தன் போனை எடுத்து ஒரு வரைபடத்தைக் காட்டினான். "இது கவர்மெண்டு மேப்பு. பறக்கவுடறதுக்கு முன்னாடி இத்தத்தான் மொதல்ல பாக்கணும். பச்சைன்னா நானூறு அடி வரிக்கும் யாரையும் கேக்காம பறக்கலாம். மஞ்சன்னா விமானத்துக்கு வழி சொல்றாங்களே, அவங்களாண்ட அனுமதி வாங்கணும். செவப்புன்னா டெல்லியிலேர்ந்து அனுமதி வரணும். அதாவது, கைய கட்டிக்கினு வானத்தப் பாத்துட்டு வூட்டுக்கு வந்துறணும்."

"நம்ம குப்பம் இன்னா கலரு?"

அமீன் படத்தை நகர்த்தினான். கரை நெடுக மிளகாய்ப்பொடி கொட்டியது மாதிரி சிவப்பு.

பிரபாகர் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து கால் நனைத்த கரை. அதற்கு மேலே இருக்கிற காற்றுக்கு இப்படி ஒரு கலர் உண்டு என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

"பதிவு நம்பர் வாங்கினீங்களா அதுக்கு? கவர்மெண்டு வெப்சைட்ல?"

"நம்பரு ஒட்டிக்கீறேனே. அடியிலயே ஒட்டிக்கீறேன்."

"எந்த நம்பரு?"

"என் போன் நம்பருதான். பட்டற ஸ்டிக்கரு."

குப்பத்தில் அது வழக்கம். படகுக்கு நம்பர், வலைக்கு அடையாளம், மிதவைக்குக்கூட பெயிண்டில் பெயர். கடலில் போகிற பொருளுக்குச் சொந்தக்காரன் யாரென்று தெரிய வேண்டாமா? பிரபாகர் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்பானரிலிருந்து சாப்பாட்டு டப்பா வரை எல்லாவற்றிலும் 'பிரபா அவுட்போர்டு சர்வீஸ்' ஒட்டி வைத்திருந்தான். காற்றில் போகிற பொருளுக்கும் அதே மரியாதையைச் செய்திருந்தான்.

அமீன் டீ கிளாஸால் வாயை மறைத்துக்கொண்டான். சிரிக்கிறான் என்பது தோளில் தெரிந்தது.

"அது கடலாண்ட வராம எப்படிக் கரைக்குப் போச்சி? படகுலேர்ந்துதான கெளப்பினேன்?" பிரபாகருக்கு ஒரு வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது.

"அதுக்குப் படகுன்னெல்லாம் தெரியாது. கெளம்பின எடம் மட்டுந்தான் தெரியும். சிக்னல் போச்சின்னா கெளம்பின எடத்துக்கே திரும்பிரும். நீங்க கெளப்பசொல்ல படகு எங்க நின்னிச்சி?"

"மணல்ல."

"அது மணலுக்கு வந்திச்சி. நீங்கதான் அங்க இல்ல."

 அமீன் காலி கிளாஸை வைத்துவிட்டு, "போலாம் மச்சான்" என்றான்.

நாலு வருஷத்தில் முதல் மச்சான். பிரபாகர் அதைக் காதில் வாங்காதவன் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தான். ஆனால் வாங்கிக்கொண்டான்.

எஸ்.ஐ. எஸ்தர் நெற்றியில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசை மேல் பிளாஸ்டிக் பையில் ட்ரோன். அதன் வயிற்றில் பட்டறை ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது.

"இது எதுக்குப்பா பறக்கவிட்ட?"

"ஆசதான் மேடம்."

"ஆசைன்னு நான் எப்படி எழுதறது? யாருக்காக எடுத்த? யார் எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம். மேலேர்ந்து பாத்தா நம்ம குப்பம் எப்டி கீதுன்னு பாக்கத்தான்."

"இது யாரு?" என்று அமீனைப் பார்த்தார்.

அமீன் வாயைத் திறப்பதற்குள் பிரபாகரே சொல்லிவிட்டான். "எங்க வூட்டு மாப்ள மேடம். தங்கச்சி வூட்டுக்காரரு."

சொன்ன பிறகு அவனுக்கே திக்கென்றது. போலீசுக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது என்ற பயமா, வேறு ஏதாவதா என்று அவனுக்கு விளங்கவில்லை. அமீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல என்ன எடுத்திருக்கேன்னு பார்ப்போம்" என்று எஸ்தர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். "இதுவரைக்கும் நான் பார்க்கல. உன்னை வெச்சுக்கிட்டே பார்க்கலாம்னு இருந்தேன். பார்க்கக்கூடாத எடம் ஏதாவது இதுல வந்திருந்துதுன்னு வை, அப்புறம் என் கையில இல்ல."

 அது வடக்கே பறந்தது பிரபாகருக்குத் தெரியும். எதையெல்லாம் பார்த்தது என்று தெரியாது. முனியனின் படகு கண்ணுக்கு முன்னால் மிதந்தது.

படம் ஓடியது. முதலில் திரை முழுக்க பிரபாகரின் முகம். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது. எஸ்தர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அப்புறம் படகு சின்னதானது. வலை உலர்த்துகிற பெண்கள், கிரிக்கெட் ஆடுகிற பையன்கள், தண்ணீர் ஓரத்து வெள்ளை நுரை. மணல், மணல், மணல். கலங்கரை விளக்கத்தைத் தாண்டி ஓரிடத்தில் படம் அசையாமல் நின்றது.

"இங்கதான் சிக்னல் கட்டாயிருக்கும் மேடம்" என்றான் அமீன். "கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும். அப்பால திரும்பும்."

கீழே, நேர் கீழே, மூன்று பேர் இருந்தார்கள்.

சிவப்புக் கட்டம் போட்ட துண்டோடு ஒரு வயசானவர். பக்கத்தில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண். இருவருக்கும் நடுவில் மணலைத் தோண்டிக்கொண்டு ஒரு குழந்தை. திறந்து வைத்த ஒரு டப்பா.

டப்பாவின் மூடியில் ஒரு ஸ்டிக்கர்.

அந்த உயரத்திலிருந்து ஸ்டிக்கரைப் படிக்க முடியாது. பிரபாகர் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று தினம் சாயங்காலம் முனியன் வடக்கே கிளம்புவார். வழியில் பசிக்கும் என்று வறுத்த நெத்திலி டப்பாவைக் கையோடு எடுத்துப்போவார். நடையில் இப்படி ஒரு பக்தியா என்று வீட்டிலேயே கேலி பேசியிருக்கிறார்கள்.

திரையில் குழந்தை கையை மேலே நீட்டியது. பெரியவர் அண்ணாந்து பார்த்தார். முகம் நேராகக் கேமராவுக்கு வந்தது. பளிச்சென்று, பயந்துபோன முகம்.

அடுத்த நொடி அவர் துண்டை உருவிக் குழந்தையின் தலையில் போட்டு, அதை இழுத்து மடிக்குள் வைத்து, அதன் மேல் முதுகை வளைத்துக்கொண்டார். மேலே நிற்பது விழுந்தால் தன் முதுகில் விழட்டும் என்று அப்படியே குனிந்திருந்தார். படம் மெல்லத் திரும்பித் தெற்கே போய்விட்டது.

பிரபாகருக்குக் கண் நிறைந்துவிட்டது. தங்கைக்குக் குழந்தை பிறந்தது அவனுக்கு ஊர் வாயால் தெரியும். பார்த்ததில்லை. முதல் முதலாக இப்போதுதான் பார்க்கிறான். அதுவும், தான் வாங்கிய மெஷின் அந்தத் தலைக்கு மேலே நின்றுகொண்டிருக்கும்போது. பேட்டரி அங்கேயே தீர்ந்திருந்தால்? ஒரு காத்தாடி கழன்றிருந்தால்?

"பார்த்தியா?" என்றார் எஸ்தர். "அந்தப் பெரியவருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல பாரு. ஆளுங்க தலைக்கு மேல இதை ஓட்டவே கூடாது. யாரு அவரு, தெரியுமா?"



"யாரோ பெரியவரு மேடம்" என்றான் பிரபாகர். "பேத்தியோட காத்து வாங்க வந்துகீறாரு."

"பேத்தின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பிரபாகர் திரையைக் காட்டினான். "புடிச்சிக்கினு கீறதப் பாத்தா தெரிதே மேடம்."

எஸ்தர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மீதிப் படத்தையும் ஓட்டிப் பார்த்தார். மணல், படகு இல்லாத வெறும் இடம், கடைசியில் ஒரு போலீஸ் பூட்ஸ். அவ்வளவுதான். ஒரு ஆபீஸும் இல்லை, ஒரு கப்பலும் இல்லை.

"சரி. திருட்டு வேலை பண்றவன் போன் நம்பரை ஒட்டிப் பறக்கவிடமாட்டான்" என்று அவர் ட்ரோனைத் திருப்பி ஸ்டிக்கரைத் தட்டினார். "இதனாலதான் கேஸு வேண்டாம்னு பார்க்கறேன். எச்சரிக்கை பண்ணினதா எழுதித் தரேன், கையெழுத்துப் போடு. பதிவு நம்பர் வாங்கு. இந்தக் கரையில இனிமே இது கண்ணுல பட்டுது, நானே எடுத்து உள்ள வெச்சுடுவேன்."

"படகு மேடம்?"

"எந்தப் படகு? படகைப் பத்தி நான் ஏதாவது கேட்டேனா?"

"இல்ல மேடம். கேக்கல மேடம்."

"இன்னொண்ணு. அந்த வீடியோவை இப்பவே அழி. அவங்களைக் கேட்டுட்டா எடுத்த?"

பிரபாகரின் விரல் பொத்தான் மேல் நின்றது. வைத்துக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது! குழந்தை கையை நீட்டுகிற அந்த ஒரு துண்டையாவது. அதோடு, நாலு வருஷமாகத் தங்கை பெயரைச் சொல்லவிடாத அப்பாவிடம் காட்டி, "இது இன்னா நைனா?" என்று கேட்கவும் ஆசையாகத்தான் இருந்தது.

கேட்டுவிட்டு எடுத்த படம் இல்லையே. அழித்துவிட்டான்.

வெளியே வந்ததும் நடைபாதைச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தான். கேஸு இல்லை. படகு படகாகவே இருக்கிறது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு பெருமூச்சு வந்து, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அமீன் இரண்டு டீயும் பொறை பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உனுக்குத் தெரியுமா மாப்ள?"

"அவ சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல" என்றான் அமீன். "கொழந்தைய பீச்சுக்கு இட்டுக்கினு போறேன்னு சொல்லுவா. திரும்பி வரசொல்ல கொழந்த கையில நெத்திலி வாசன அடிக்கும். எங்க வூட்ல யாரும் நெத்திலி வாங்கறதில்ல. எனுக்கு மூக்கு இல்லியா?"

பிரபாகருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். அமீனும் சேர்ந்துகொண்டான். ஸ்டேஷன் வாசலில் இரண்டு ஆண்கள் இப்படிச் சிரிப்பதைப் பார்த்து சென்ட்ரி போலீஸ்காரர் முறைத்தார்.

"பேரு இன்னா?"

"ஜுவேரியா."

பிரபாகர் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"பதிவு வேலைய இன்னிக்கே போன்ல பாத்துறலாம்" என்றான் அமீன். "நம்பரு வந்திச்சின்னா அடுத்த ஞாயித்துக்கெழம ஊருக்கு வெளியில ஒரு எடத்துக்கு இட்டுக்கினு போறேன். மேப்புல பச்ச. ஆள் நடமாட்டமே கெடையாது. கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே ஓட்டணும், காத்து அதிகமா கீதுன்னா எடுக்கவே கூடாது, பேட்டரி பாதிக்கு வரசொல்லவே எறக்கிறணும். அல்லாத்தையும் அங்க நின்னு பழகிக்கலாம்."

"சரி மாப்ள."

"அஸ்வினியும் கொழந்தையும் வருவாங்க. வண்டியில ஒரு எடம் காலியாத்தான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முன் சீட்டு. வயசானவங்க உக்கார வசதியா."

சாயங்காலம் வீட்டில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பொன்மணி நெத்திலியைப் பிசறிப் போட்டுக்கொண்டிருந்தாள். முனியன் நடைக்குக் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தார். குப்பத்தில் ஒரு சேதியை மூடி வைக்க யாரால் முடியும்? ரத்னா கடைக்கு மட்டும் தெரிந்தது மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"டேசனுக்குப் போனியாமே?"

"போனேன் நைனா. சும்மா புத்தி சொல்லி அனுப்பிச்சிட்டாங்க. நம்ம படகுலேர்ந்துதான் வுட்டேன். தப்புதான். படகுக்கு ஒண்ணும் இல்ல, கேஸும் இல்ல."

முனியன் திட்டவில்லை. அவர் கவலை வேறெங்கோ இருந்தது.

"அது படம்லாம் புடிக்குமாமே. இன்னா இருந்திச்சி அதுல?"



"கடலு, மணலு, என் பல்லு" என்றான் பிரபாகர். "அல்லாத்தையும் அழிச்சிட்டேன் நைனா."

முனியனிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. காலையில் ஸ்டேஷன் வாசலில் பிரபாகர் விட்டதற்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை. "நல்லதாப் போச்சி" என்றார்.

"இன்மே ஆளுங்க தல மேல அத்த வுட மாட்டேன் நைனா. சத்தியமா."

அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம ஊருக்கு வெளியில போயி பழகப் போறேன்" என்றான் பிரபாகர். "பச்ச எடமாம், அங்க ஓட்டலாமாம். தெரிஞ்சவரு ஒர்த்தரு வண்டியில இட்டுக்கினு போறாரு. முன் சீட்டு காலியா கீது. நீயும் வாயேன் நைனா."

"பொட்டலாத்தான இருக்கும்? நெழல் கீதா? கொழந்தைக்கு வெயில் ஆவாதே."

அடுப்பில் கரண்டி நின்றது.

சொன்னது என்னவென்று முனியனுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. காது மடல் வரை சிவந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்தார். "பொதுவா... வர்றவங்க கொழந்தைங்கள இட்டுக்கினு வந்தாங்கன்னா, அதுக்குச் சொன்னேன்."

"பொதுவாத்தான் நைனா" என்றான் பிரபாகர், முகத்தில் ஒன்றையும் காட்டாமல். "மரம் ஒண்ணு கீதாம். நல்ல நெழலாம்."

வருகிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பொன்மணி நீட்டிய டப்பாவை வாங்கிக்கொண்டார். செருப்பைத் தேடி மாட்டினார். "நடந்துட்டு வரேன்" என்று படியிறங்கியவர், பாதித் தெருவில் நின்று, "எந்நேரத்துக்கு வண்டி?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் வடக்கே நடந்துவிட்டார்.

பிரபாகர் வாசற்படியில் நின்று அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு மறைகிற வரைக்கும் பார்த்தான். உள்ளே வந்து பொன்மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பொன்மணி, நாளையிலேர்ந்து நைனா டப்பாவுல நெத்திலி கொஞ்சம் சேத்து வெய்யி."

பொன்மணி அடுப்பை அணைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், ரெண்டு வருசமா மூணு பேருக்குத்தான்யா வறுத்துக்கினு கீறேன்."